மருந்தக முகப்பிலிருந்து: நடுக்குவாத மாத்திரையும் வீட்டுக் கடிகாரமும்

சென்ற இதழில் நீரிழிவு மாத்திரை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரைகளைச் சாப்பாட்டு வேளையைப் பார்த்துக் கொடுப்பதைவிடக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதே முறை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

நம் பெரியவர்கள் நடுக்குவாதம் என்று சொல்லும் இந்த நோயை 1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரிவாக எழுதி வைத்ததால் அது அவர் பெயரால் வழங்குகிறது. நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்லக் குறைந்துபோவதால் கைகால் நடுக்கமும், தசை இறுக்கமும், எதைச் செய்தாலும் வரும் மந்தமும் தோன்றுகின்றன. இன்று நம்மிடம் உள்ள மாத்திரைகள் அந்த உயிரணுக்களை மீட்டுத் தருவதில்லை. குறைந்துபோன டோபமினை மணிக்கணக்கில் ஈடுசெய்கின்றன. கீழே நான் சொல்லியிருப்பவை மாத்திரையை எப்படி, எப்போது, எதனோடு எடுப்பது என்பதைப் பற்றியவை. எத்தனை மாத்திரை என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மாமனாருக்கு வயது 72. ஐந்து ஆண்டுகளாக பார்க்கின்சன் நோய்க்கு மடோபார் மாத்திரை எடுத்து வருகிறார். உறையில் ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று எழுதியிருப்பதால் காலைப் பசியாறலோடும், மதியச் சாப்பாட்டோடும், இரவுச் சாப்பாட்டோடும் நானே தவறாமல் கொடுக்கிறேன். காலை மாத்திரை நன்றாகக் கேட்கிறது. மதிய மாத்திரை மட்டும் பல நாள்களில் கேட்பதே இல்லை. மாலை ஐந்து மணி வரை நாற்காலியிலேயே இறுகி உட்கார்ந்திருக்கிறார். மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?
வாசகி, செந்தூல்

பதில்: மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன்னால், அம்மா, உங்கள் மாமனாரின் தட்டைச் சற்றுப் பார்ப்போம். நம் வீடுகளில் காலைப் பசியாறல் என்பது பெரும்பாலும் இரண்டு கிரீம் கிரேக்கர் ரொட்டியும் ஒரு கோப்பை பாலில்லாத கோப்பி ஓவும்தான். மதியத்தில் சோறு, பருப்பு, மீன் குழம்பு, ஒரு முட்டை, கடைசியில் தயிர். காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வேறுபாடு புரதச் சத்தில் இருக்கிறது.

மடோபாரில் லெவோடோபா, பென்செராசைடு என்று இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. டோபமினை அப்படியே விழுங்கினால் அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், நுழைந்தபின் டோபமினாக மாறும். வழியிலேயே, அதாவது குடலிலும் இரத்தத்திலும், அது மாறி வீணாகிவிடாமல் பென்செராசைடு காவல் காக்கிறது. சினெமெட் மாத்திரையில் அதே வேலையைக் கார்பிடோபா செய்கிறது. ஆனால் லெவோடோபாவும் ஒருவகை அமினோ அமிலமே. நாம் உண்ணும் பருப்பும் மீனும் முட்டையும் செரித்து உண்டாகும் அமினோ அமிலங்கள் குடலைக் கடக்கவும் மூளைக்குள் புகவும் எந்தக் கதவைப் பயன்படுத்துகின்றனவோ, அதே கதவைத்தான் இதுவும் பயன்படுத்த வேண்டும். மாலை ஐந்தரை மணிக்கு மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் ரயில் கதவு திறக்கும்போது நின்று பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கூட்டத்தோடு கூட்டமாக வந்த மாத்திரை வெளியிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே பொதுவான முறை இதுதான்: மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாகவோ, சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்தோ, ஒரு முழுக் குவளைத் தண்ணீருடன் கொடுக்க வேண்டும். மைலோவிலும் தே தாரேயிலும் பால் இருப்பதால் அவற்றோடு விழுங்கக் கொடுக்க வேண்டாம். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்றால் புரதம் அதிகமில்லாத ஓரிரண்டு ரொட்டியைத் துணைக்குக் கொடுக்கலாம். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் வரும் குமட்டல் பலருக்கும் பிறகு தணிந்துவிடும். இரத்தசோகைக்காக இரும்புச் சத்து மாத்திரையும் எடுக்கிறார் என்றால் அதற்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும், ஏனெனில் இரும்பு லெவோடோபாவைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடும். இதையெல்லாம் படித்துவிட்டுப் பருப்பையும் மீனையும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த நோயில் உடல் மெலிவது எளிது, மெலிந்தபின் தேற்றுவது கடினம். சாப்பாட்டின் அளவில் கை வைக்காமல் நேரத்தை மட்டும் விலக்கினால் போதும்.

அடுத்து, அந்த ‘மூன்று வேளை’. லெவோடோபா இரத்தத்தில் நெடுநேரம் தங்காத மருந்து. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. நோய் தொடங்கிய காலத்தில் மூளையில் மீதியிருக்கும் உயிரணுக்கள் கொஞ்சம் சேமித்து வைத்துச் செலவழிக்கும் என்பதால் நேரம் முன்பின்னாக ஆனாலும் தெரியாது. ஆண்டுகள் போகப்போக அந்தச் சேமிப்பு கரைந்துவிடும், அப்போது அரை மணி நேரத் தாமதமும் காலில் தெரியும். ‘மூன்று வேளை’ என்பதை எந்தெந்த மணி என்று உறையின் மேலேயே எழுதித் தருமாறு மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். மருந்தாளராக நான் பணியில் இருந்தவரை இந்த நோயாளிகளின் உறையில் மணியைப் பேனாவால் எழுதாமல் கொடுத்ததில்லை. அச்சடித்த ஒட்டுவில்லைக்கு நம் வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்று எப்படித் தெரியும்?

அதோடு ஒரு வேலையும் உங்களுக்குத் தருகிறேன். நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்றில் ஒரு வாரத்துக்கு எழுதுங்கள்: மாத்திரை கொடுத்த மணி, சாப்பிட்ட மணி, உடல் இளகத் தொடங்கிய மணி, மீண்டும் இறுகிய மணி. இளகியதா என்பதை அறிய, சட்டைப் பித்தானைத் தாமாகப் போட்டுக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள்; அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. இன்னொன்றையும் கவனித்து எழுத வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் இதில்தான் தடுமாறுகின்றன. மருந்து குறையும்போது வருவது நடுக்கமும் இறுக்கமும். மருந்து உச்சத்தில் இருக்கும்போது, நோய் பல ஆண்டுகளாக உள்ளவர்களுக்கு, தலையும் தோளும் கைகளும் தாமாகவே நெளிந்தும் சுழன்றும் ஆடும் வேறொரு அசைவு வருவதுண்டு. பார்ப்பவர்கள் இரண்டையும் ‘நடுக்கம்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டாவது அசைவைக் கண்டு மருந்து போதவில்லை என்று எண்ணி இன்னும் அரை மாத்திரை கொடுத்தால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து, மாத்திரை கொடுத்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் சொல்லி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 64. பார்க்கின்சன் நோய் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். விரத நாள்களில் மாத்திரையும் வேண்டாம் என்கிறாள். சென்ற ஆண்டுப் பெருநாள் விடுமுறையில் மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் எடுக்காமல் சமாளித்தோம். படுத்தே இருந்தாள், வேறு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நானும் வற்புறுத்தத் தயங்குகிறேன்.
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, இந்த ஒன்றில் தயங்க வேண்டாம், வற்புறுத்துங்கள். எட்டு ஆண்டுகளாக வெளியிலிருந்து டோபமின் வரத்து பெற்ற மூளைக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால், உடல் மரக்கட்டையாக இறுகி, கடும் காய்ச்சல் ஏறி, நினைவு குழம்பி, தசைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும் ஓர் அவசர நிலை உண்டாகலாம். எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. சென்ற ஆண்டு இரண்டு நாள் படுக்கையோடு போனது உங்கள் மனைவியின் நல்ல நேரம். மருந்து விட்டுப்போன நிலையில் காய்ச்சலும் இறுக்கமும் சேர்ந்து தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 999 எண்ணை அழைத்து, பார்க்கின்சன் நோயாளி மருந்து எடுக்கவில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

விரதத்தைப் பொறுத்தவரை, தண்ணீரோடு விழுங்கும் மாத்திரை விரதத்தைக் குலைக்கும் என்று எந்தக் குருக்களும் எனக்குச் சொன்னதில்லை. ஒருவேளை உணவு விரதமாக இருந்தால் மாத்திரைக்கும் உணவுக்கும் இடைவெளி விடுவது முன்னைவிட எளிதாகும். எனக்குக் கவலையெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். இந்த நோயாலும் இந்த மருந்தாலும் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுண்டு. நீர் அருந்தாமல், வெயிலில், தலையில் குடத்தோடு படியேறினால் அது இன்னும் இறங்கும். பால்குடத்தை மகனோ மகளோ ஏந்தட்டும், அவர் உடன் நடக்கட்டும் என்று நான் சொன்னால் உங்கள் மனைவி கோபிப்பார் என்று தெரியும். அப்படியே அவர் எடுப்பதாக இருந்தால், மருத்துவரிடம் முன்னதாகக் கேட்டு, மருந்து நன்றாகக் கேட்கும் மணியில், வெயில் ஏறுமுன்பு, இருபுறமும் ஆள் துணையோடு ஏறட்டும்; அடுத்த வேளை மாத்திரையும் ஒரு புட்டித் தண்ணீரும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

மாத்திரை தீர்ந்துபோவது தடுக்கக்கூடியது. அரசு மருத்துவமனைகளில் நீண்ட நாள் மருந்தைப் பகுதி பகுதியாகத் தருவதால் அடுத்த தவணைத் தேதி விடுமுறையில் விழுவதுண்டு. வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மருந்தகத்திலேயே தவணையைப் பெறும் ஏற்பாடும், அஞ்சல்வழி அனுப்பும் சேவையும் இருக்கின்றன. இரண்டையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை மட்டும் மறந்துபோனால், நினைவு வந்தவுடன் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததை அதற்குரிய மணியில் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: புதிய மாத்திரை ஒன்று சேர்த்ததிலிருந்து அப்பாவின் சிறுநீர் செம்மண் தண்ணீரைப் போல இருக்கிறது. இரத்தமா?
வாசகி, பிறை

பதில்: புதிய மாத்திரையின் பெயர் என்டகபோன் என்றோ, அது கலந்தது என்றோ இருந்தால், சிறுநீர் செம்மஞ்சளாகவும் செம்பழுப்பாகவும் மாறுவது அந்த மருந்தின் நிறம்; தீங்கில்லை. லெவோடோபாவும் சிலருக்குச் சிறுநீரையும் வியர்வையையும் கருக்கச் செய்யும், வெள்ளைப் பனியனில் கறை பிடிக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ வலியோ காய்ச்சலோ இருந்தாலும், கட்டிகட்டியாக வந்தாலும், நிறம் மருந்தினால் என்று எண்ணி இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்ததால் வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். வாந்தி நிற்க ஓர் ஊசி போட்டார்கள். வாந்தி நின்றது, ஆனால் அன்று இரவு முழுவதும் அம்மாவால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை, பேச்சும் குழறியது. பக்கவாதம் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், அந்த ஊசியால் வந்திருக்கலாம் என்கிறார்கள். சாதாரண வாந்தி ஊசி இப்படிச் செய்யுமா?
வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: செய்யும். வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடும், தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கும் புரோகுளோர்பெரசினும் மூளையில் டோபமின் போய் அமரும் இடத்தை அடைத்துக்கொண்டு வேலை செய்பவை. மற்றவர்களுக்கு அதனால் வாந்தி நிற்கும். பார்க்கின்சன் நோயாளிக்கு, மாதக்கணக்கில் மாத்திரையால் கட்டியெழுப்பியதை ஓர் ஊசி ஒரே இரவில் சாய்த்துவிடும். வாந்திக்கு மருந்து தேவைப்படும்போது மூளைக்குள் அதிகம் நுழையாத டோம்பெரிடோனை மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அதிலும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை என்பதால் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதற்கில்லை.

கிளினிக் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் முப்பது பேர் காத்திருக்க, எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டியின் நோய் அவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். நாமோ ‘வாந்தி, டாக்டர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அடையாள அட்டையோடு சேர்த்து இன்னொரு அட்டையை அம்மாவின் பர்சில் வையுங்கள். அதில் நோயின் பெயர், ஒவ்வொரு மாத்திரையின் பெயர், மில்லிகிராம், கொடுக்கும் மணி ஆகியவற்றோடு, மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் ஆகிய மூன்றும் கொடுக்கக் கூடாதவை என்பதை மலாயிலும் எழுதி வையுங்கள். ஹாலோபெரிடாலை ஏன் சேர்த்தேன் என்றால், வயதானவர்கள் மருத்துவமனையில் இரவில் குழம்பிப் பிதற்றும்போது அமைதிப்படுத்தக் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. தலைச்சுற்றலுக்கு நம் மக்கள் கடையில் கேட்டு வாங்கும் சின்னரிசினும் நாள்பட எடுத்தால் இறுக்கத்தைக் கூட்டும்.

இருமல் மருந்தையும் விட்டுவிடக் கூடாது. உங்கள் அம்மாவின் மாத்திரைகளில் ரசாஜிலின் அல்லது செலிஜிலின் இருந்தால், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த இருமல் மருந்தும், பெத்திடின், டிராமடால் என்னும் வலி நிவாரணிகளும், மனச்சோர்வுக்கான பல மாத்திரைகளும் அவற்றோடு மோதி ஆபத்தை விளைவிக்கும். மருந்துக் கடையில் சளி மருந்து வாங்கும்போதும் அந்த அட்டையைக் காட்டுங்கள்.

எப்போதாவது வார்டில் சேர்க்க நேர்ந்தால், மாத்திரைகளை அவற்றின் சொந்த உறையோடு எடுத்துச் செல்லுங்கள். வார்டில் மருந்து வண்டி வரும் மணியும் உங்கள் அம்மாவின் மணியும் ஒன்றாக இருப்பது அரிது. முதல் நாளே தாதியரிடம் பணிவாக, ஆனால் தெளிவாக, இந்த மாத்திரை மட்டும் இன்ன மணிக்கு வேண்டும் என்று சொல்லிக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். அவர்கள் தாமதிக்கிறார்கள் என்று நீங்களாகப் போர்வைக்குள் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட, சற்று நேரத்தில் தாதியும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக, இரட்டை அளவு உள்ளே போன கதைகளை நான் பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சைக்காக எதுவும் உட்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருந்தால், பார்க்கின்சன் மாத்திரையை என்ன செய்வது என்று மயக்க மருந்து நிபுணரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர். வாழ்நாளில் சீட்டைத் தொட்டவரில்லை. ஓராண்டாக, எண்ணில் பணம் கட்டும் நம்பர் கடைக்குப் போகிறார். முதலில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. இப்போது ஓய்வூதியத்தில் பாதி அங்கே போகிறது. கனவில் கண்டது, கார் எண், செத்த வீட்டு இலக்கம் என்று எல்லாவற்றையும் எழுதுகிறார். அம்மா அழுகிறார். பார்க்கின்சன் நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அல்லது வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டதா?
வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: உங்கள் தந்தையின் ஒழுக்கத்தைப் பற்றி முடிவு கட்டுமுன் அவருடைய மாத்திரை உறையைப் பாருங்கள். பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா? இவை டோபமினைப் போலவே நடித்து மூளையைத் தூண்டும் மருந்துகள். நடமாட்டத்துக்கான பகுதியை மட்டுமன்றி, ஆசைக்கும் அதன் நிறைவுக்குமான பகுதியையும் அவை தூண்டிவிடுகின்றன. அதன் விளைவாகச் சிலர் சூதாட்டத்திலும், சிலர் தேவையில்லாத பொருள்களை வாங்கிக் குவிப்பதிலும், சிலர் நள்ளிரவில் எழுந்து உண்பதிலும், சிலர் வயதுக்குப் பொருந்தாத காம வேட்கையிலும் தம்மை மீறி இறங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரிடமும், எடுக்காதவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடமும் இத்தகைய பழக்கங்களில் ஒன்றேனும் காணப்பட்டது. ஆறு பேருக்கு ஒருவர் என்பது அரிதான செய்தியன்று; பேசப்படாத செய்தி, அவ்வளவுதான். கூச்சத்தை விட்டு நீங்கள் எழுதியதற்கு நன்றி சொல்கிறேன்.

மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். இதையும் திடீரென்று நிறுத்தினால் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு என்று வேறொரு துன்பம் தொடங்கும். அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து என்றால் காத்திருக்காமல் கிளினிக்கை அழைத்து முன்கூட்டிய தேதி கேளுங்கள். தந்தையை வெளியே அமரவைத்துவிட்டு மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம், அல்லது ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றும்போது பலரிடம் இந்த வேகம் தணிந்துவிடுகிறது. அதுவரை ஓய்வூதிய அட்டை உங்கள் அம்மாவிடம் இருக்கட்டும். எண் எழுதியதற்காக அவரைப் பேரப்பிள்ளைகள் முன்னிலையில் கடிந்துகொள்ளாதீர்கள். ஓர் ஆசிரியருக்கு அது நோயைவிடக் கொடியது. அவர் இன்னமும் கார் ஓட்டுகிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதே மருந்துகள் எச்சரிக்கையே இல்லாமல் திடீரென்று தூங்கிவிழச் செய்துவிடுவதுண்டு.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். இயற்கை மருந்து, பக்க விளைவு இல்லை, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். அண்ணனுக்குக் கொடுக்கலாமா?
வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது; அதே லெவோடோபா, உங்கள் அண்ணனின் மாத்திரையில் உள்ளது. 1937ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் அவ்விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபாவை மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தது 1961இல்தான். நம் விதையின் பெருமையை நான் மறுக்கவில்லை.

ஆனால் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. விதைக்கு விதை, அரைத்த கைக்குக் கை மாறும். மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு மிஞ்சிப் போய், நான் மேலே சொன்ன நெளிந்தாடும் அசைவும், வாந்தியும், இரத்த அழுத்தச் சரிவும், இல்லாத ஆள்கள் கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் கொடுத்தால், காவலுக்கு இருந்த பென்செராசைடும் நின்றுபோய், லெவோடோபாவின் பெரும்பகுதி வழியிலேயே வீணாகிவிடும். ஆக, ‘இயற்கை’ என்ற சொல்லுக்கும் பக்க விளைவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்நாட்டில் பதிவு செய்யப்பட்ட பாரம்பரிய மருந்தின் பெட்டியில் ‘எம்.ஏ.எல்’ (MAL) என்று தொடங்கி ‘டி’ (T) என்ற எழுத்தில் முடியும் பதிவெண்ணும், பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கும். உறவினரின் பிளாஸ்டிக் பையில் இவை இரண்டும் இருக்காது. பதிவெண் இருந்தாலும்கூட, அண்ணனின் மருத்துவர் அறியாமல் கொடுக்க வேண்டாம். அந்தப் பொடியை அப்படியே கையோடு எடுத்துச் சென்று மருந்தாளரிடம் காட்டுங்கள். அவர் உங்களைத் திட்டமாட்டார். கொடுத்துவிட்டுச் சொல்லாமல் மறைப்பவர்களால்தான் எங்களுக்குத் தலைவலி.

கேள்வி: அத்தைக்கு விழுங்குவது கடினமாக இருப்பதால் மாத்திரைகளை எல்லாம் நுணுக்கி, குளிகைகளைத் திறந்து, கஞ்சியில் கலந்து கொடுக்கிறோம். சரியா?
வாசகி, கெப்போங்

பதில்: எல்லாவற்றையும் அப்படிச் செய்யக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முதியவர் என் முகப்புக்கு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். அட்டைகளிலிருந்து கத்தரித்து எடுத்த மாத்திரைகள், பிதுக்கிப் போட்ட குளிகைகள், மூன்று வருடத்துச் சேமிப்பு. காலையில் கை இறுகியிருக்கும்போது அட்டையைப் பிதுக்க முடிவதில்லை என்பதால் மகள் மொத்தமாகப் பிதுக்கி வைத்திருந்தாள். அவற்றில் சில மெதுவாகக் கரையும் மடோபார் குளிகைகள். இரைப்பையில் மிதந்துகொண்டு மணிக்கணக்கில் மருந்தைச் சிறுகச் சிறுக விடுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைத் திறந்து கொட்டினால் அந்த அமைப்பே கெட்டுவிடும். பெயரோடு ‘எச்.பி.எஸ்’ என்றோ ‘சி.ஆர்’ என்றோ இருந்தால் திறக்கவோ நுணுக்கவோ மெல்லவோ கூடாது.

விழுங்க முடியவில்லை என்பதை அடுத்த சந்திப்பில் முதல் செய்தியாகச் சொல்லுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மடோபார் வகை ஒன்று உண்டு. கரைத்த அரை மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் பட்டையும் உண்டு. எது அத்தைக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் பார்ப்பார். விழுங்கும் திறனைச் சோதித்துப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் மாத்திரை இறங்காத தொண்டையில் கஞ்சியும் நுரையீரல் பக்கம் போகக்கூடும். கஞ்சியில் பாலோ பருப்போ சேர்த்துக் கொதிக்கவைத்திருந்தால், மேலே செந்தூல் வாசகிக்கு எழுதியதை நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.